வெட்டுத்துண்டுகளில் ஒரு திராட்சைக் கொடி

1986 செப்ரெம்பர் 17, புதன்

பீல் நகரம் முழுக்கக் காலையில் மூடுபனி. பஸ்ஸின் வெளிச்சம் முதலில் வந்தது, பஸ் பிறகு வந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் ஐந்தரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தது. பெரிய சட்டிகள், தட்டங்கள், பால் காய்ச்சிய அண்டா. நாள் முழுக்கக் கை சோப்புத் தண்ணீரில்.

செய்ய: சப்பாத்து அடி ஒட்ட. ஊரில் மனைவி பரமேசுக்குக் கடிதம். கைக்குக் களிம்பு.

பின்னேரம் தேவாலய மண்டபம். கீழே, எங்களைப்போல அகதியாக வந்தவர்களுக்குக் குளிர் உடுப்புக் கொடுக்கும் அறை. ஒரு மாதமாக அங்கே மேலங்கிகளின் உடைந்த சிப்பை மாற்றித் தைத்துக் கொடுக்கிறேன். அறையைப் பார்ப்பவர் பிராவ், அதாவது திருமதி, லூத்தி. தபால்காரரின் மனைவி, எதற்கும் சிரிப்பார். இன்று படியில் மறித்தார்.

"வெட்டுத்துண்டெல்லாம் வீணாய்ப் போகுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? மேல்மாடியில புதன்கிழமையில பெண்கள் தைக்கிறவை. வாங்கோ."

(அவர் சொன்னது ஜேர்மனில். என் காதில் விழுவது யாழ்ப்பாணத் தமிழில்தான். விழுந்தபடி எழுதுகிறேன்.)

மேலே பதினொரு பெண்கள். ஒருவரும் ஐம்பதுக்குக் கீழில்லை. நான் உள்ளே போனதும் கத்தரிக்கோல்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஆண்கள் அங்கே கதிரை அடுக்க மட்டும்தான் வருவார்களாம்.

ஒக்ரோபர் 25 சனிக்கிழமை தருமத்துக்கு இலையுதிர்காலச் சந்தை. வீட்டை அலங்கரிக்கும் சாமான்கள்: துணி இலை மாலை, துணிப் பூசணி, மேசை விரிப்பு, சுவர்ச்சீலை. எல்லாம் வெட்டுத்துண்டில். புதுத்துணி வாங்கக்கூடாது.

தலைவி பிராவ் மோசர். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நெட்டை, முழு நரை, வளையாத முதுகு. விதிகளை விரல்விட்டுச் சொன்னார். பசை இல்லை. மெசின் இல்லை. மேலே துண்டு பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, கீழே முழுத்துணி, மூன்றையும் சேர்த்துக் கையால் சின்னச் சின்னத் தையல். இதற்குப் பெயர் குயில்ட். குயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அட்டையில் வெட்டிய இலை அச்சு ஒன்றைத் தந்தார். "இதை வைச்சு வரைஞ்சுபோட்டு வெட்டுங்கோ."

நான் வரையவில்லை. மண்ணிறத் துணியை நான்காக மடித்து ஒரே ஓட்டத்தில் வெட்டினேன். நான்கு இலை. மோசர் அச்சை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் வித்தியாசமில்லை. பதினாறு வருடம் சேட்டுக்குக் கழுத்துப்பட்டி வெட்டிய கை இது.

மோசர் சொன்னது: "ம்."

செப். 19, வெள்ளி

வெயில். சப்பாத்து ஒட்டியாயிற்று. களிம்பு இன்னும் வாங்கவில்லை.

பயிற்சிக்காக ஒரு பூசணி தைத்தேன். பழைய செம்மஞ்சள் திரைச்சீலைத் துண்டு. அறைத்தோழன் மகேந்திரன் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதே குசினியில் மரக்கறி வெட்டுபவன், ஊரில் லொறி ஓட்டியவன்.

"என்ன அண்ணை இது?"

"பூசணிக்காய்."

"துணியிலயோ?"

"ஓம்."

"கறிக்கும் உதவாது. நாவூறு கழிச்சு உடைக்கவும் ஏலாது. இதை ஆர் வாங்குவினம்?"

"வாங்கி மேசையில வைப்பினம்."

"வைச்சு?"

"பாப்பினம்."

பூசணியை வாங்கி உருட்டிப் பார்த்தான். "அப்ப நாங்களும் ஒண்டு வைச்சுப் பாப்பம்." இப்போது எங்கள் ரேடியோவுக்கு மேலே பூசணிக்காய்.

கீழ் அறையில் ஒரு பழைய தையல் மெசின் இருக்கிறது. லூத்தி பாவிக்கச் சொல்லியிருக்கிறார். பதினொரு பேர் ஐந்து கிழமை கையால் தைப்பதை நான் இரண்டு பின்னேரத்தில் முடிப்பேன். செய்து காட்டினால் மோசருக்கு விளங்கும். திங்களும் செவ்வாயும் போதும்.

செப். 24, புதன்

மழை. விளங்கியது எனக்குத்தான்.

சுவர்ச்சீலையைக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். இருபது இலை, மூன்று அடுக்கு, முழுக்க மெசின் தையல். பெண்கள் "ஓ" என்றார்கள். மோசர் இரண்டு மூலையிலும் பிடித்துச் சுவரில் தூக்கிக் காட்டினார். மேசையில் சமனாகக் கிடந்தது, தொங்கியதும் அலையலையாக நின்றது. கீழ் ஓரம் பாம்புபோல.

"பஞ்சு உள்ளுக்க நகர்ந்திட்டுது. மேல்துணி ஒரு பக்கம் தள்ளுப்பட்டிட்டுது. மூலைவாக்கில வெட்டின இலை எல்லாம் இழுபட்டுக் கிடக்கு."

நூல் இறுக்கம் சரியில்லை, மெசின் பழசு என்று வாதாடினேன். என்னுடைய ஜேர்மன் குசினி ஜேர்மன். சூடு, கவனம், விரைவு, முடிந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு தையல் ரீச்சரோடு வாதாட முடியாது.

"சேட்டுக்குள்ள பஞ்சு இல்லை, ஹெர் நடராசா" என்றார். ஹெர் என்றால் திரு.

சரியாகத்தான் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் பிரித்தேன். இரண்டு மணித்தியாலம். பிரித்து முடிய, துண்டு பொருத்துவதற்காவது மெசின் வேண்டும் என்று கேட்டேன். அதில் பஞ்சு இல்லைத்தானே.

மோசர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "துண்டு பொருத்த மெசின். பஞ்சு வைச்ச பிறகு ஊசி. இதுக்கு மேல கேக்கக்கூடாது."

வெளியே வரும்போது லூத்தி காதுக்குள்: "ஒன்பது வருசமாய் நாங்கள் கேட்டது. உங்களுக்குத்தான் தந்தவ."

ஆகவே இன்றைக்கு நான் தோற்கவில்லை. ஆளுக்கொன்று.

செப். 28, ஞாயிறு

தெளிந்த வானம். ஞாயிறு தைக்க முடியாது. படிக்கட்டில் ஒட்டியிருக்கும் வீட்டு விதியில் ஞாயிறு சத்தம் கூடாது. கை ஊசிக்குச் சத்தமில்லை, ஆனாலும் மகேந்திரன் விடவில்லை. "ஒரு நாளாவது வெளியில வாங்கோ அண்ணை, முகம் வெளுத்துப்போச்சு." எங்கள் முகம் வெளுப்பதாவது.

ஏரிக்கரை வழியாக ரயிலில் திராட்சைத் தோட்டங்களுக்கு. மலைச்சரிவு முழுக்க மஞ்சள். கிட்டப் போய்ப் பார்த்தால் மஞ்சள் இல்லை. ஓரம் துருநிறம், அதற்குள் கடுகு மஞ்சள், நரம்பு மட்டும் இன்னும் பச்சை. ஒவ்வொரு இலையும் வெளியிலிருந்து உள்ளே பழுக்கிறது. அச்சில் வெட்டிய ஒற்றை நிற இலை எல்லாம் பொய்.

குனிந்து இலை பொறுக்கிய எங்களைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி சந்தேகமாகப் பார்த்தாள். குலையில் கை வைக்கிறோம் என்று நினைத்திருப்பாள். இலைகளைத் தூக்கிக் காட்டினேன், தைப்பதுபோல் கையால் காட்டினேன். சிரித்து, தானே கொடியில் தேடி நல்லதாக மூன்று பறித்துத் தந்தாள்.

முடிவு: சுவர்ச்சீலை ஒரு கதவின் உயரம். கீழிருந்து மேலே ஒரே கொடி. இலை முப்பத்திரண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிறத் துண்டு. கீழே பழுத்தது, மேலே போகப் போகப் பச்சை. அந்த மண்டபத்தில் இதுவரை ஒருவரும் செய்யாதது.

ஒக். 1, புதன்

லூத்தி இரண்டு பெரிய பைகள் தூக்கிவந்து மேசையில் கொட்டினார். துணி மாதிரிப் புத்தகங்கள். மெசியே ரொசே என்பவர் கொடுத்தாராம். பழைய நகரத்தில் பட்டறை, கதிரைக்கும் சோபாவுக்கும் துணி போடுபவர், பிரெஞ்சு பேசுபவர், ஆகவே ஹெர் இல்லை, மெசியே (இந்த ஊரில் இரண்டு மொழியும் உண்டு). வருடம் மாறினால் பழைய மாதிரிகள் குப்பைக்கு. உள்ளங்கை அளவுத் துண்டுகள், நூற்றுக்கணக்கில். வெல்வெற், கம்பளி, பூ நெய்த கனத்த துணி. துரு, கடுகு, செங்கல், வைன், பாசி நிறங்கள். பெண்களுக்குக் கனதி பிடிக்கவில்லை, ஊசி இறங்காது என்றார்கள். நான் இரண்டு பையையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தேநீர் ஆறிப்போனது.

பிறகு லூத்தி சொன்னது. ரொசேயிடம் தைத்துக்கொண்டிருந்த பெண் மகளோடு இருக்கப் போய்விட்டாளாம். இரண்டு மாதமாக ஆள் இல்லை.

அகதி விண்ணப்பம் போட்ட எங்களுக்கு விட்டிருக்கும் வேலை குசினி, துப்புரவு, அவ்வளவுதான். வேறு வேலை என்றால் முதலாளி எழுதிக் கேட்க வேண்டும், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, இந்த ஆள்தான் வேண்டும் என்று. யாருக்காக ஒருவர் அப்படி எழுதுவார்? கண்ணால் பார்த்தால் எழுதுவார்.

"சந்தைக்கு வரச் சொல்லுறன். சனிக்கிழமை ரண்டு மணிக்குத்தான் அவர் பட்டறை பூட்டுறவர்" என்றார் லூத்தி.

இன்று வெல்வெற்றில் விரல் ஓட்டியபோது நூல் தோலில் கொளுவியது. விரல் நுனி எல்லாம் வெடிப்பு. வலது கட்டைவிரலில் உணர்ச்சி குறைவு. இன்னொரு குளிர்காலம் சட்டி கழுவினால் இந்தக் கை துணியை அறியாது. அது நடக்க விடமாட்டேன்.

அந்த வேலை எனக்குத்தான்.

ஒக். 6, திங்கள்

குளிர். களிம்பு வாங்கினேன். மகேந்திரனின் யோசனை: றப்பர் கையுறைக்குள் பருத்திக் கையுறை. தலைமைச் சமையல்காரர் பார்த்துவிட்டு, "என்ன, பியானோ வாசிக்கப் போறீரோ?" என்றார். ஓம் என்றேன்.

முடிந்தது: இலை முப்பத்திரண்டும் வெட்டி, பொருத்தி, பின்னணியில் வைத்தாயிற்று. பின்னணிக்கு ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட மேசைத்துணி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தது. கொடிக்கு மகேந்திரனின் பழைய மண்ணிறக் காற்சட்டை. (கேட்டுத்தான் எடுத்தேன். அரை மனத்தோடு தந்தான்.)

முடியாதது: பஞ்சு வைத்துத் தைப்பது. அதாவது பெரிய வேலை.

பின்னேரம் அறையில் நிலத்தில் விரித்து இருவரும் முழங்காலில் நின்று மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, பிறகு பிரித்தெடுக்கும் நூலோட்டம் போட்டோம். மகேந்திரன் லொறிக்குத் தார்ப்பாய் கட்டியவன், இழுவை தெரியும். "ஒரு பக்கம் கூட இழுக்கிறியள் அண்ணை" என்று என்னையே திருத்தினான்.

பயிற்சித் துண்டில் அங்குலத்துக்குத் தையல்: முதல் நாள் ஐந்து. இன்று எட்டு. மோசர் பதினொன்று. அவரை முந்தமாட்டேன். பத்து வந்தால் போதும்.

ஒக். 11, சனி

பரமேசின் கடிதம். என் கடிதம் போய் அவள் பதில் வர இருபத்துமூன்று நாள். நாலு பக்கம்.

பிள்ளைகள் சுகம். பள்ளிக்கூடம் ஒருநாள் நடக்கிறது, ஒருநாள் இல்லை. ஷெல் சத்தத்தில் யன்னல் கண்ணாடி இரண்டு போய்விட்டது, பலகை அடித்திருக்கிறாள். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே:

"பஞ்சை உள்ளுக்கு வைத்துத் தைக்கிறதாக எழுதியிருந்தீர்கள். இங்கே என்றால் போர்த்தவன் அவிந்துபோவான். பெண்களோடு இருந்து தைக்கிறீர்கள் என்று அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஐம்பதுக்கு மேலே என்று எழுதியபடியால் எனக்குப் பரவாயில்லை."

வாய்விட்டுச் சிரித்தேன். மகேந்திரன் குளியலறையிலிருந்து என்ன என்ன என்று கேட்டான்.

கடைசிப் பக்கத்தில்: "சட்டி கழுவுகிறேன் என்று எழுதினால் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தைக்கிற வேலை கிடைத்தால் எழுதுங்கோ. அப்போதுதான் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள் என்று நம்புவேன்."

மடித்துச் சேட் பைக்குள் வைத்தேன். பிறகு நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை தைத்தேன். ஐந்து இலை. தையல் அங்குலத்துக்கு ஒன்பது, சில இடத்தில் பத்து.

ஒக். 15, புதன்

இலை மாலைகள் மண்டபத்தில் கயிற்றில் தொங்குகின்றன. பெண்களின் வேலையைக் குறை சொல்ல முடியாது. லூத்தியின் மேசை விரிப்பில் கோணல் அதிகம், ஆனால் நிறம் பிடிக்கத் தெரிந்தவர்.

பூசணி குறைகிறது என்று கவலைப்பட்டார்கள். ஒருவருக்கு ஒரு பூசணிக்கு ஒரு மணித்தியாலம். துணியைக் குழாய்போல் தைத்து, ஒரு முனையைச் சுருக்கிக் கட்டி, பஞ்சு அடைத்து, மறுமுனையைச் சுருக்கி, தடித்த நூலை நடுவால் இழுத்து எட்டுப் பிரிவாக அமத்தினால் பூசணி. காம்புக்கு உண்மையான திராட்சைக் குச்சி. குழாய் தைப்பதில் பஞ்சு இல்லை, ஆகவே மெசின் விதிப்படி சரி என்றேன். மோசரால் மறுக்க முடியவில்லை. இன்று பின்னேரம் மட்டும் பத்தொன்பது. கை தட்டினார்கள்.

மோசர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். "ஆறில அடியில முடிச்சுத் தெரியுது."

ஆறையும் திருத்தினேன். ஆனால் பத்தொன்பது பத்தொன்பதுதான்.

ஒக். 22, புதன்

மனம் சரியில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

சீலை முடிந்தது. ஓரக்கட்டும் போட்டாயிற்று. மண்டபத்தில் மேடைக்கு எதிரே தொங்கவிட்டோம். ஒரு அலை இல்லை. கீழே துரு, மேலே பச்சை, நடுவில் வெல்வெற் இலைகள் வெளிச்சத்தில் நிறம் மாறுகின்றன. லூத்தி கண்ணைத் துடைத்தார். மோசர் கிட்டப் போய், தையலில் விரல் வைத்து எண்ணினார். "பத்து" என்றார்.

பிறகு ஒவ்வொரு சாமானிலும் பெயர்ச்சீட்டுக் குத்தினார். செய்தவர் பெயர். ஹெச். லூத்தி. ஆர். மோசர். என்னுடையதில்: தமிழ் அகதிகள்.

வாசித்தேன். இன்னொரு தடவை வாசித்தேன்.

"இது பிழை. என்ரை பேர் நடராசா."

"தெரியும்" என்றார் மோசர். "ஆனால் அகதிகள் செய்தது எண்டால் சனம் விரும்பி வாங்கும். நல்ல காரியத்துக்குத்தானே."

"அகதிகள் இதைத் தைக்கேல்லை. நான் ஒரு ஆள். நான் தைச்சது. மற்ற எல்லாரும் ஒவ்வொரு ஆள், நான் மட்டும் ஒரு கூட்டமோ?"

இவ்வளவையும் குசினி ஜேர்மனில் எப்படிச் சொன்னேனோ தெரியாது. விளங்கியது. அவர் முகம் சிவந்தது. "பதினொரு பேரும் நன்மைக்குத்தான் உழைக்கிறம். பேருக்கு இல்லை."

"அப்ப எல்லாச் சீட்டையும் கழட்டுங்கோ."

நான் கதிரையில் ஏறி, சீலையைக் கழற்றி, சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் யோசனை வந்தது. சனிக்கிழமை இரண்டு மணிக்கு ரொசே வருவார். சுவர் வெறுமையாக இருக்கும்.

மகேந்திரன்: "ஒரு சீட்டுத்தானே அண்ணை. ரொசே வந்து பார்க்கும் மட்டும் பொறுத்திருக்கலாம்."

பொறுத்திருக்கலாம். ஆனால் ரொசே பார்க்கும்போது அங்கே என் பெயர் இல்லாவிட்டால் அவர் யாருக்காக எழுதுவார்?

ஒக். 24, வெள்ளி

காற்று. மரங்கள் பாதி வெறுமை.

மூன்றரை மணிக்குக் கதவுத் தட்டல். மகேந்திரன் சாரத்தோடு திறந்தான். வெளியே மோசர். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. மகேந்திரன் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, கதிரையில் கிடந்த உடுப்பெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளி, "உட்காருங்கோ" என்று தமிழிலேயே சொன்னான். அவர் உட்கார்ந்தார். ரேடியோவின் மேல் இருந்த பூசணியைப் பார்த்தார்.

கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துணி எடுத்தார். நாலு பக்கமும் மடித்துத் தைத்து ஆயத்தமாக.

"ரண்டு இரவு யோசிச்சனான். கடதாசிச் சீட்டுப் பிழை. சீலைக்குப் பேர் பின்பக்கத்தில, துணியில, நூலால போடுறது. அப்பதான் ஆர் வாங்கினாலும் அது கழலாது. இதில தையுங்கோ. உங்கட எழுத்திலயும் எங்கட எழுத்திலயும்."

நான் தேத்தண்ணி போட எழும்பினேன். கையைக் காட்டி மறித்தார். "முதல்ல தையுங்கோ. கீழ் இடது மூலையில ஓரக்கட்டும் சரியில்லை. அதையும் பாருங்கோ."

அவர் பார்த்திருக்கத் தைத்தேன். ஆ. நடராசா, பீல், 1986. மகேந்திரனின் தேத்தண்ணியில் சீனி அதிகம். முழுக்கக் குடித்தார்.

மூலை சரியில்லைத்தான். திருத்தினேன்.

ஒக். 25, சனி

சந்தை. நினைத்ததைவிடக் கூட்டம். ஜேர்மனும் பிரெஞ்சும் கலந்த இரைச்சல். பூசணி பத்தரைக்கே பாதி போய்விட்டது. ஒரு சின்னப் பிள்ளை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது, தாய் வாங்க வேண்டியதாயிற்று.

பதினொரு மணிக்கு ஆபத்து. நீல மேலங்கி போட்ட ஒரு பெண்மணி, பல்வைத்தியரின் மனைவியாம், சீலைக்கு முன்னால் வந்து நின்றாள். நகரவில்லை. பிறகு லூத்தியிடம் போய் அப்போதே வாங்கிவிட்டாள். கார் வெளியே நிற்கிறது, இறக்கித் தாருங்கள் என்றாள்.

இன்னும் மூன்று மணித்தியாலம். விற்றது சந்தோசம், ஆனால் ரொசே எதைப் பார்ப்பார்? லூத்தி என்னைப் பார்த்தார், நான் லூத்தியைப் பார்த்தேன். வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை.

மோசர் மண்டபத்தின் அந்தக் கரையிலிருந்து நேராக நடந்து வந்தார்.

"மன்னிக்கவேணும். விற்ற சுவர்ச்சீலைகள் நாலு மணிமட்டும் சுவரிலதான் இருக்கும். விதி."

"நான் இப்பவே போகவேணும்."

"நாலு மணிக்கு வரலாம். அல்லது திங்கள் நான் கொண்டுவந்து தருவன். விதியை மாத்தேலாது."

அந்தப் பெண்மணிக்கு எரிச்சல், ஆனால் மோசரின் வளையாத முதுகுக்கு முன்னால் யாரும் நெடுநேரம் நிற்க முடியாது. போய்விட்டாள். விதிகளுக்காக நான் முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டு பத்துக்கு மெசியே ரொசே. குள்ளம், மீசை, காற்சட்டையில் நூல் துணுக்குகள். சீலையின் முன்பக்கத்தை அரை நிமிசம்கூடப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தார். அப்போதே இவர் தொழில் தெரிந்தவர் என்று தெரிந்தது.

முன்னால் திருப்பியபோதுதான் வெல்வெற்றைக் கண்டுபிடித்தார். சிரித்துவிட்டார். பிரெஞ்சில் வேகமாக ஏதோ. லூத்தி மொழிபெயர்த்தார்: "நான் குப்பைக்குப் போட்டது எண்டு சொல்லுறார். ஆர் நடராசா எண்டு கேக்கிறார்."

"நான்."

"வட்டக் குசனுக்குப் பைப்பிங் வைக்கத் தெரியுமோ எண்டு கேக்கிறார்." (பைப்பிங்: குசன் ஓரத்தில் கயிறு வைத்துச் சுற்றித் தைக்கும் பட்டி.)

"வைச்சதில்லை. வெள்ளிக்கிழமை வந்து வைச்சுக் காட்டுவன்."

லூத்தி அதை மொழிபெயர்த்தாரா, இன்னும் கொஞ்சம் சேர்த்தாரா தெரியாது. ரொசே கை தந்தார். என் கையைக் கொஞ்சம் கூட நேரம் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், வெடிப்புகளை.

ஒக். 31, வெள்ளி

இன்று வேலைக்கு விடுப்பு எடுத்தேன். திங்கள் முதல் வியாழன் வரை கீழ் அறையில் பழைய திரைச்சீலையில் பைப்பிங் பயிற்சி. முதல் இரண்டும் சுருங்கின. வளைவுக்கு உள்பக்கம் சின்னச் சின்ன வெட்டுக் கொடுக்க வேண்டும், கழுத்துப்பட்டிக்குக் கொடுப்பதுபோல. அது தெரிந்ததும் மிச்சம் கை தானாகவே செய்தது.

ரொசேயின் பட்டறை. குதிரைமயிர், பசை, மரத்தூள் மணம். தொழிற்சாலை மெசின், கால் வைத்ததும் பாய்கிறது. ஒரு பச்சை வட்டக் குசன் தந்தார். சுற்றளவை நான் அளக்கமாட்டேன் என்று பயந்தார்போல, பக்கத்திலேயே நின்றார். இரண்டு முறை அளந்தேன், ஒரு முறை வெட்டினேன். பைப்பிங்கின் இரண்டு முனையும் எங்கே சேர்கிறது என்று அவர் தேடினார். கண்டுபிடிக்க நேரம் எடுத்தது.

"திங்கள் எழுதுறன்" என்று கடிதம் எழுதுவதுபோல் கையால் காட்டினார்.

பரமேசுக்கு இன்னும் எழுதவில்லை. அலுவலகத்தின் பதில் வரட்டும்.

நவ. 5, புதன்

முதல் உறைபனி. மோசருக்குத் தடிமனும் இருமலும், இன்று வரவில்லை. அவர் இல்லாமல் எல்லாரும் உரத்துக் கதைத்தார்கள்.

பஸ் தரிப்பில் லூத்தியிடம் சொன்னேன், அந்த நாலு மணி விதி மட்டும் இல்லாவிட்டால் என் கதை அன்றே முடிந்திருக்கும் என்று.

லூத்தி நெடுநேரம் சிரித்தார். "எந்த விதி? அப்பிடி ஒரு விதி இல்லை. ஒருக்காலும் இருந்ததில்லை. ரொசே வாறதை மோசருக்கு நான் சொல்லியிருந்தனான். விற்ற சாமானை உடனை குடுத்து அனுப்புறதுதான் எங்கட வழக்கம்."

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

நவ. 18, செவ்வாய்

பனித்தூறல். தபால் பெட்டியில் அலுவலகக் கடிதம். மகேந்திரன் அகராதியோடு, நான் நின்றபடியே. மூன்று தடவை வாசித்தோம். அனுமதி. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து, ரொசேயின் பட்டறை, தையல் வேலை.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அது வேறு கோப்பு, வேறு அலுவலகம். இது இது.

மகேந்திரன் அகராதியை மூடினான். பிறகு, "அப்ப சட்டி ஆர் கழுவுறது?" என்றான். கோழி வாங்கப் போனான்.

பரமேசுக்கு எழுதினேன். இரண்டே வரி முதலில். மிச்சம் பிறகு ஐந்து பக்கம்.

நவ. 19, புதன்

மோசரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அரை மணி முந்திப் போனேன். மேல்மாடியில் அவர் மட்டும், யன்னலோரத்தில். மேசையில் சிவப்புத் துணி, நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) நட்சத்திர அச்சுகள்.

அனுமதி வந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். "நல்லது. ரொசே ஒழுங்கான மனிசன்."

"அந்த நாலு மணி விதிக்கு நன்றி."

"விதிக்கு நன்றி சொல்லுறேல்லை, ஹெர் நடராசா."

"அப்பிடி ஒரு விதி இல்லை எண்டு..."

"இருக்கு" என்றார். "ஒக்ரோபர் இருபத்தைஞ்சிலயிருந்து இருக்கு."

கையில் ஊசியும் நூலும் வைத்திருந்தார், தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார், இறக்கினார், திரும்பவும் பிடித்தார். நாலைந்து தடவை. நான் சுவரைப் பார்த்தேன்.

"கண் மங்கிக்கொண்டு போகுது" என்றார், யன்னலைப் பார்த்தபடி. "போன குளிரிலயிருந்து. தைக்க ஏலும், விரலுக்குத் தெரியும். கோக்கத்தான் ஏலாது. வீட்டில தங்கச்சி கோத்துத் தாறவ, அவவும் இப்ப ஊரில இல்லை."

ஊசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இவையள் ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

பன்னிரண்டு ஊசி. சிவப்பு நூல் ஆறு, வெள்ளை ஆறு. ஒவ்வொன்றாகக் கோத்து, முடிச்சுப் போட்டு, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வரிசையாகக் குத்தி வைத்தேன். பன்னிரண்டாவது கோக்கும்போது படியில் லூத்தியின் சிரிப்பு. மோசர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அடுத்த புதனும் அரை மணி முந்தி" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.